ருக்மணி அம்மாள் மறைந்த திதி

ருக்மணி அம்மாள் காலமானார் என்னும் செய்தி, மாலையில் மன்னார்புரத்தில் பேருந்துக்கு நின்றிருந்தபோது என் கைப்பேசிக்கு வந்தது. பிற்பகல் இரண்டரை மணிக்கு ஸ்ரீரங்கத்து வீட்டில் உயிர் பிரிந்ததாக மகன் எழுதியிருந்தார்.

தென்னூரில் நாங்கள் பணிபுரிந்த அச்சகத்தின் தினசரிக் காலண்டருக்குத் திதியும் விரத நாட்களும் குறித்துத் தந்தவர் அம்மையார். தாளில் வந்ததோ ஒரு ஜோதிடரின் பெயர். எட்டாம் வகுப்போடு பள்ளி நின்று, தமிழைத் தானே பயின்று மெய்ப்புத் திருத்த வந்த எனக்கு, அவர் குறிப்புகளில் திருத்த எதுவும் அகப்பட்டதில்லை. "ஒரு புள்ளியாவது வையுங்க செல்வி, சம்பளம் வாங்குறீங்கல்ல" என்று சிரிப்பார்.

ஓராண்டு, ஏகாதசியன்று விடியலுக்குச் சற்று முன்பு வரை தசமி நீடித்தது. அவ்வாறு நேர்ந்தால் வைணவர்கள் மறுநாளே உபவாசம் இருப்பர். அம்மையார் இரு நாட்களையும் சிவப்பு மையில் குறித்திருந்தார். ஓர் ஏகாதசிக்கு இரண்டு நாள் எதற்கு என்று முதலாளி இரண்டாவதை அடித்தார். அத்தாள் என் மேசை வழியாகத்தான் சென்றது.

வைணவர்களின் விரத நாள் விடுபட்டிருக்கிறது என்று ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர்கள் காலண்டர்களைக் கட்டுக்கட்டாகத் திருப்பிக் கொணர்ந்தனர். பிழை அம்மையாருடையது என்று முதலாளி அவர்கள் முன்னிலையில் கைகாட்டினார். அம்மையார் என் பக்கம் திரும்பினார்.

"செல்வி, நீங்க பார்த்தீங்கல்ல?"

நான் கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"அச்சாயிடுச்சு, இனி பேசி என்ன? நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி. அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கூட்டில் வைத்துக்கொண்டு வெளியேறினார். பின்னாளில் கடைவீதியில் கண்டால் நலம் விசாரிப்பார். அந்நாளைப் பற்றிப் பேசியதில்லை. அதைப் பெருந்தன்மை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதைப் பேசத் தகுந்தவளாக என்னை அவர் கருதவில்லை.

நேற்று காரியப் பத்திரிகை வந்தது. திதி: வளர்பிறை தசமி. தசமியோ அவர் மறைந்த அன்று பகல் பன்னிரண்டே முக்காலுக்கே முடிந்திருந்தது. அவர் மறைந்தது ஏகாதசியில். மகனை அழைத்து, ஆண்டுதோறும் அம்மாவின் திவசம் தவறான நாளில் நடக்கும் என்றேன்.

"காலண்டர்ல கொட்டை எழுத்துல தசமின்னுதானேக்கா இருக்கு. கார்டும் அச்சாயிடுச்சு. விடுங்க."

அது எங்கள் அச்சகத்துக் காலண்டர். தசமி முடியும் நேரம் அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மெய்ப்புப் பார்த்தவள் நான்.

அம்மையீர், அன்று தாங்கள் கேட்டதற்கு இன்று விடை தருகிறேன்: பார்த்தேன். தாங்கள் குறித்த நாள் சரியானது. என்னிடமுள்ள பத்திரிகையில் மட்டும் தசமியைச் சிவப்பு மையால் அடித்து, ஏகாதசி என்று எழுதியிருக்கிறேன். போய் வாருங்கள்.