விரல் நீட்டும் கையுறை

பக்கவாதம் வந்தபின் அப்பாவின் வலது கை கைவிட்ட வேலைகளை மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: சட்டைப் பொத்தான், சவரம், கையெழுத்து, சாப்பாடு. எல்லாவற்றையும் இடது கைக்குப் பழக்கிக்கொண்டார், சாப்பாட்டுக்குக் கரண்டி. கேரம் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். தேக்கா சந்தையில் வாங்கிய பலகையை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே போட்டு, முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஆடுவோம். மகளாயிற்றே என்று ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அவரிடம் இன்னொரு முறை தோற்க வேண்டும் போலிருந்தது.

சிங்கப்பூரின் கிளமெண்டியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அத்தகைய கைகளுக்கென்று ஒரு கருவி இருக்கிறது. தலையில் மாட்டும் தொப்பி மூளையின் மின் அலைகளைப் படிக்கும். விரலை நீட்டுவதாக நினைத்தால் அதைக் கண்டுகொண்டு, கையுறை காற்று நிரம்பி விரல்களை விரிக்கும். பழகப் பழகக் கை தானாகவே அசையலாம் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. ஆனால் எல்லோருடைய அலையும் கருவிக்குப் பிடிபடாது. பிடிபடாதவர்களைப் பயிற்சியில் சேர்ப்பதில்லை.

அப்பாவுக்குச் சோதனை வைத்த நாளில், மகள் என்பதால் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டார்கள். பயிற்சி தருபவர் தமிழ்ப் பெண்.

“அங்கிள், விரல நீட்டுறதா நினைச்சுக்குங்க.”

கையுறை அசையவில்லை. மறுபடியும் அசையவில்லை.

“சும்மா நீட்டு நீட்டுன்னா எதுக்கு நீட்டுறது லா? கேரம் அடிக்கிறதா நினைச்சுக்கவா?”

“தாராளமா.”

“செவப்பு மூலையில நிக்குது. என் பொண்ணு தோத்தா இன்னிக்கு.”

“பேசாம அடிங்க அங்கிள், அலை கலையுது.”

அப்பா வாயை மூடிக்கொண்டார். எதிரே இருந்த திரையில் அலை தாழ்ந்தது; கருவி தேடுவது அந்தத் தாழ்வைத்தான். உஸ்ஸென்று காற்று ஏறி, விரல்கள் விரிந்தன.

அவர் என் பக்கம் திரும்பினார். “நான் அடிச்சேனா, மெஷின் அடிச்சுதா?”

“நினைச்சது நீங்க. நீட்டுனது அதுப்பா.”

“அப்ப பாயிண்ட் யாருக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்பாவைப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். கையுறையைக் கழற்றியதும் விரல்கள் பழையபடி மடங்கின.

வீடு திரும்ப, பாசிர் ரிஸ் போகும் ரயிலில் அந்தக் கையை என் மடியில் வைத்து, என் உள்ளங்கையை அதன் விரல்களுக்கு எதிரே பிடித்திருந்தேன்.

“அடிக்கிறேன். தெரியுதா?” என்றார்.

ஒன்றும் படவில்லை.

“இன்னும் கொஞ்சம் வேகமாப்பா.”