ராசாங்கம் வைத்த எதிர்த்தீ

திருச்சியில் தீத்தடுப்புப் பயிற்சிக்குப் போய்வரும் வரை ராசாங்கத்துக்குத் தீ என்றால் வெறும் தீதான். அரியலூருக்குத் தெற்கே செம்மண் மேட்டில் இருந்த தைலமரக் காட்டுக்கு அவர் காவலர். புகை தெரிந்தால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுவார், அடிப்பார், அணைந்தால் வீட்டுக்கு வந்து குளிப்பார். எழுபத்தெட்டாம் வருஷக் கோடைக்கு முன்னால் இலாகா அவரைத் திருச்சிக்கு அனுப்பிவைத்தது. திரும்பி வந்தபோது தீக்கு உடம்பே முளைத்திருந்தது. காற்று தள்ளும் பக்கம் அதன் தலை, இரண்டு ஓரமும் விலா, பின்னால் மெதுவாக எரிவது வால். சருகில் ஊர்ந்தால் தரைத்தீ, மரத்து நுனியில் ஏறினால் உச்சித்தீ, பொறி பறந்து தள்ளி விழுந்து பற்றினால் பொறித்தீ.

கேட்க ஆள் கிடைக்காவிட்டால் அடுப்படிக்கு வந்துவிடுவார்.

"கொளஞ்சி, காத்து வாசப்பக்கமிருந்து வருது. தலை உன் பக்கம் திரும்பிடிச்சு, தள்ளி உக்காரு."

"தலைதான் கொழம்பு வைக்கணும். வாலை வச்சு வைக்க முடியுமா?" என்பாள் மனைவி கொளஞ்சியம்மாள். கோடையில் அவளும் அந்தக் காட்டுக்குத்தான் கூலிக்குப் போவாள். தீ தாண்டாமல் இருக்கச் சருகைக் கூட்டி, வெறுந்தரையாக நீளக் கோடு விடும் பெண்கள் கூட்டத்தில் அவள் ஒருத்தி.

டீக்கடையில் இரண்டு பங்காளிகள் வரப்புக்காகச் சண்டை போட்டால், "இது இப்ப தரைத்தீதான். பொம்பளைங்க வந்தா உச்சித்தீ ஆயிடும்" என்பார் ராசாங்கம். ஒருநாள் பெண்கள் வந்தார்கள். சண்டையை அப்படியே விட்டுவிட்டு இரு பக்கமும் அவர் மேல் பாய்ந்தது.

அந்தக் கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. தீயணைப்பைச் செய்துகாட்ட வேண்டும். ரேஞ்சர் பிச்சைமுத்து காட்டின் கிழக்கு ஓரத்து வண்டிப்பாதையில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார், மாவிலைத் தோரணம் கட்டினார், தன் வீட்டு சோபாவை ஜீப்பில் ஏற்றிவந்து நடுவில் போட்டார். அதிகாரி நிழலில் உட்கார்ந்தபடியே பார்க்கவேண்டும் என்பதால், பந்தலுக்கு நேர் எதிரே மரங்களுக்கு நடுவில் வட்டமாகக் கூட்டிவிட்டுச் சருகைக் குவித்தார்கள்.

காலையில் தூரத்தில் புழுதி தெரிந்தது. "வந்துட்டாரு, வையி!" என்றார் ரேஞ்சர். ராசாங்கம் வைத்தார். புழுதி பக்கத்தில் வந்தபோது அது சுண்ணாம்புக்கல் லாரி.

"அணைச்சுடலாமா சார்?"

"அணைச்சுட்டா ஐயா வந்து எதைப் பாப்பாரு, சாம்பலையா? சின்னதா வச்சிருய்யா."

ராசாங்கத்துக்கும் அதுதான் ஆசை. கற்ற வார்த்தைகளை ஒரு பெரிய அதிகாரியின் காதில் போட இனி எப்போது வாய்க்கும்? சருகை அள்ளி அள்ளிப் போட்டுத் தீயைக் கைக்குழந்தை போல வளர்த்தார். நடுநடுவே ரேஞ்சரிடம் போய், "தலை அடங்கி இருக்கு சார், விலாவும் அமைதியா இருக்கு" என்று வைத்தியர் மாதிரி சொல்லிவிட்டு வந்தார். அதிகாரியோ டவுனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உச்சிவெயிலில் மேற்கேயிருந்து மேல்காற்று எழும்பியது. தைலமரத்தில் உரிந்து தொங்கிய பட்டை ஒன்று பற்றிக்கொண்டு பறந்தது. வட்டத்துக்கு வெளியே சருகில் விழுந்தது. எண்ணெய்ச் சருகு, கணுக்கால் புதையும் அளவுக்குக் கிடந்தது. தண்ணீர்க்குடத்தை எடுப்பதற்குள் தீ பந்தலைப் பார்த்து நடக்கத் தொடங்கி, நடை ஓட்டமானது.

ராசாங்கம் நேராக அதன் முன்னால் போய் நின்றார். பயிற்சியில் செய்யவே கூடாது என்று சொல்லிக்கொடுத்த முதல் காரியம் அது. "விலாவைத் தாக்குங்க! வால்லேருந்து விலாவுக்கு வாங்க!" என்று கத்தினார்.

அணைத்துக் காட்ட வரவழைத்திருந்த கூலிப் பெண்கள் தழையும் கையுமாக விழித்தார்கள். "யாரு விலாவைடி?" என்றாள் ஆண்டாயி.

"ஏங்க, எங்க அடிக்கணும்னு கையைக் காட்டுங்க!" என்று கொளஞ்சியம்மாள் அலறினாள்.

அப்போது அனல் ஒன்று வந்து அவர் முகத்தில் அறைந்தது. புருவம் பொசுங்கிய வாடை அவருக்கே வந்தது. பாதைக்கு அந்தப் பக்கம் முந்திரித் தோப்பு, தோப்பை ஒட்டி அவருடைய தெரு. கற்றதெல்லாம் வாயைவிட்டு ஓடிப்போயிற்று. "ஓரத்துல அடிங்க! எரிஞ்சு கரியான தரையில நின்னுக்கிட்டு அடிங்க! முன்னாடி வராதீங்க, செத்துருவீங்க!"

அது எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு ஓரமும் தழை விழுந்தது, தீ ஒடுங்கியது. ஆனால் தலை நிற்கவில்லை. வண்டிப்பாதை அகலமான வெறுந்தரை, தானாகவே தடுத்திருக்கும். அதன் குறுக்கேதான் காய்ந்த கீற்றால் பாலம் போட்டது மாதிரி பந்தல் நின்றது.

"பந்தலைப் பிரிங்க!" என்றார் ராசாங்கம்.

"கையை வச்ச, வேலை போயிடும்!" என்று கத்திய ரேஞ்சர், இரண்டு ஆளைப் பிடித்து முதலில் சோபாவைத் தூக்கினார். தூரத்துப் புளியமரத்தடியில் அதை இறக்கி, மேலே உட்கார்ந்து காவல் காத்தார்.

கொளஞ்சியம்மாள் ஒரு காலைப் பிடுங்க, பந்தல் சாய்ந்தது. கீற்றையெல்லாம் இழுத்துக் காட்டுப் பக்கம் பாதை ஓரமாகப் போட்டார்கள். ராசாங்கம் தீக்குச்சியைக் கிழித்து அந்த வரிசை நெடுகத் தீ வைத்தார். பெண்கள் தோப்புப் பக்கம் நின்று, பறந்துவந்த பொறியை எல்லாம் அடித்தார்கள். புதுத்தீ கொஞ்ச நேரம் தயங்கியது. பெரிய தீ நெருங்கியதும் அது காற்றை இழுக்க, இதுவும் அதை நோக்கிச் சாய்ந்து ஓடியது. இரண்டும் முட்டி ஒரு பனை உயரம் எழும்பின. பிறகு தின்ன எதுவும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டன. ராசாங்கமும் உட்கார்ந்துவிட்டார். உயிர் இருக்கிறதா என்று கொளஞ்சியம்மாள் தோளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். ரேஞ்சர் மாலையோடு ஓடினார். "ஐயா வர்றதுக்குள்ள அணைச்சுக் காட்டிட்டோங்கய்யா."

அதிகாரி கறுத்த தரையைப் பார்த்து மகிழ்ந்துபோனார். "என்ன முறையில செஞ்சீங்க?"

ரேஞ்சர் ராசாங்கத்தைப் பார்த்தார். ராசாங்கம் வாயைத் திறந்தார். புகை குடித்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இதற்காகவே காலையிலிருந்து காத்திருந்த மனுசனின் கண்ணில் நீர் கட்டியது.

"அது வர்ற வழியில நாங்க ஒண்ணு வச்சோங்க. ரெண்டும் மூஞ்சில முட்டிக்கிட்டுச் செத்துருச்சுங்க" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"எதிர்த்தீ!" என்று அதிகாரி ரேஞ்சரின் முதுகில் தட்டினார். ரேஞ்சருக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. அரசுப் பந்தலை எரித்ததற்கு விளக்கம் கேட்டு ராசாங்கத்துக்கு மெமோ வந்தது.

மெமோவை அனுப்பிய பிறகுதான் ரேஞ்சருக்கு உறைத்தது: பந்தல் எப்படி எரிந்தது என்று கிளறினால், தீ எப்படிப் பிறந்தது என்பதும் வெளியே வரும். ராசாங்கத்தைக் கூப்பிட்டு, பதிலையும் தானே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மேற்படி பந்தல் மேல்காற்றில் பறந்துவிட்டது என்று அதில் இருந்தது.

அடுத்த கோடைக்குள் ராசாங்கத்தைப் பச்சைமலை அடிவாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெரம்பலூரில் மாறி ஏறிய பஸ்ஸில், சரிவில் தீ எப்படி மேல்நோக்கி ஓடும் என்று அவர் கண்டக்டருக்கு விளக்கினார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார். கொளஞ்சியம்மாள் சட்டிபானை மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு, எதிரே தெரிந்த மலையில் எங்கெங்கே சருகு கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தாள்.