இடது தோள் துப்பாக்கி

கண்ணை இறுக மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்குகிறார் ஹால்வர். கட்டை தோளில் பதிந்ததும் கண்ணைத் திறக்கிறார். குறிபார்க்கும் ஸ்கோப்பின் வட்டம் கறுப்பு விளிம்பில்லாமல் முழு நிலாவாகத் தெரிந்தால், அது உடம்புக்குப் பொருந்திய துப்பாக்கி. இன்றைக்குத் தெரிவது அரை நிலா. எதிர் அலமாரியிலிருக்கும் பெயிண்ட் டப்பா உயிர் பிழைக்கிறது.

இதையெல்லாம் அவர் இடது தோளில் செய்கிறார். முட்கரண்டி பிடிப்பதும், ஐஸ் அள்ளுவதும், திட்டும்போது விரல் நீட்டுவதும் வலது கையால்தான்.

"அண்ணே, தோள் மாறிப்போச்சு" என்கிறார் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் டெல்ஃபின். ஆகஸ்டிலிருந்து இதே நகைச்சுவை.

"தோள் மாறல. ஆளுதான் வேற. அந்தச் சாம்பல் கலர எடு."

ஆள் யார் என்று தீவுக்கே தெரியும். ஹால்வரின் மகள் சோல்வி, இடது கைக்காரி. ஏழு வருடமாக அரிசோனாவில் இருக்கிறாள். அங்கே மழை பெய்தால் செய்தியில் சொல்வார்களாம். அலாஸ்காவின் தென்கிழக்கு ஓரத்தில் கிடக்கிற இந்தத் தீவில் மழை நின்றால்தான் செய்தி. ஆகஸ்டில் ஒருநாள் அவள் போனில் சொன்னாள்: "நவம்பர்ல லீவு கிடைச்சிருக்குப்பா. வரேன். மலைக்கும் கூட வரேன். ஆனா துப்பாக்கிய தொட மாட்டேன். சும்மா நடப்பேன்." இதில் கடைசி இரண்டு வாக்கியங்களின்போது போன் சரியாகக் கேட்கவில்லை என்பது ஹால்வரின் கட்சி.

அன்று சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டார். "இடது கைக்கு என்னடா வச்சிருக்க?"

டெல்ஃபினின் அப்பா பிலிப்பைன்ஸிலிருந்து மீன் டப்பா ஆலை வேலைக்கு வந்தவர். மகன் ஆணி, ரப்பர் பூட்ஸ், அரிசி மூட்டை, துப்பாக்கி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் விற்கிறார். இடது கைக்காரர்களுக்கான துப்பாக்கியைத் தீவில் யாரும் கேட்பதில்லை. தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட்டின் கைப்பிடி அதில் இடப்பக்கம் இருக்கும். இரண்டைக் கப்பலில் வரவழைத்தார். ஹால்வர் இரண்டையும் பெண் பார்ப்பது போல மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஹால்வருக்குத் துறைமுக ஐஸ் ஆலையில் வேலை. படகு வந்து நின்றால் மேலேயிருந்து சறுக்குக் குழாய் வழியாக ஐஸைக் கொட்டுவார். தலை கூரையில் இடிக்கும் உயரம். தாடியில் எப்போதும் ஈரம் இருக்கும். குளிர்காலம் முழுக்க ஒரே கம்பளிச் சட்டை. அதற்கு வாசனை வந்த பிறகு அவர் வருகிறார் என்று ஊர் சொல்லும். பேசும்போது முக்கால்வாசி வாக்கியத்தை நிறுத்திவிட்டு மிச்சத்தைத் தோளைக் குலுக்கி முடிப்பார். துப்பாக்கி பற்றி மட்டும் முழு வாக்கியம் வரும்.

"மரக்கட்டை போட்ட துப்பாக்கி அழகுதான். பியானோவும் அழகுதான். மழைல தூக்கிட்டுப் போவியா?"

இரும்புக் குழல் என்றால் உப்புக்காற்றில் ஒரே வாரத்தில் ஆரஞ்சுப் பழ நிறமாகிவிடும். ஆகவே எவர்சில்வர்தான் வேண்டும். கட்டை பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். கட்டைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி வேண்டும், எதுவும் குழலைத் தொடக்கூடாது. ஒரு டாலர் நோட்டை மடித்து அந்த இடுக்கில் செருகி, நுனியிலிருந்து அடிவரை இழுத்துப் பார்ப்பார். நோட்டு ஓரிடத்தில் சிக்கினாலும் துப்பாக்கி கவுண்டருக்குத் திரும்பிவிடும். ஸ்கோப்பைக் கழற்றி ஐஸ் ஆலைக்குக் கொண்டுபோய் மீன்களோடு படுக்கவைத்துவிட்டு, மறுநாள் வீட்டு அடுப்பருகே எடுத்துவந்து உள்ளே ஆவி படிகிறதா என்று பார்ப்பார். முதல் ஸ்கோப் அழுதுவிட்டது. இரண்டாவது அழவில்லை.

இதற்கும் மேலே ஒரு சோதனை உண்டு. கடையின் பின்புறம் கூரைத் தண்ணீர் கொட்டும் குழாய்க்கடியில் இரண்டு துப்பாக்கிகளையும் கட்டித் தொங்கவிட்டார். ஒரு வாரம் அவை அங்கேயே குளித்தன. டெல்ஃபின் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ரெண்டும் புதுசு. விக்கிற சாமான்."

"நனைஞ்சா கெட்டுப்போற சாமானா? அப்ப அத எனக்கு ஏன் விக்கிற?"

இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் ஒரு சோப்பு, மடித்துவைத்த துண்டு, மஞ்சள் ரப்பர் வாத்து. யார் வைத்தது என்று இதுவரை தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லப்போவதுமில்லை. ஹால்வர் சோப்பை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

ஊர் சிரித்தது உண்மை. ஆனால் ஒரு எல்லைக்கு மேல் சிரிக்கவில்லை. சோல்வி ஏன் துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்கிறாள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

அவளுக்குப் பதினெட்டு வயதில் நடந்தது அது. அம்மா இறந்த பிறகு வீட்டில் அப்பாவும் அவளும்தான். இருவருக்கும் பேச்சு குறைவு, நடை அதிகம். ஹால்வரிடம் அப்போது வால்நட் மரக்கட்டை போட்ட துப்பாக்கி இருந்தது. முதல் மீன்பிடிப் பருவத்துச் சம்பளத்தில் வாங்கியது. வாரம் தவறாமல் எண்ணெய் தேய்ப்பார். வலது கைக்காரருக்கான துப்பாக்கி. சோல்வி கையை மேலே வளைத்துத் தாண்டிப்போய்த்தான் போல்ட்டை இழுப்பாள். அப்படியும் அப்பாவைவிட நன்றாகச் சுடுவாள்.

அந்த அக்டோபரில் அதிசயமாக ஒரு வாரம் வெயில் அடித்தது. ஊரே சட்டையைக் கழற்றிக்கொண்டு திரிந்த அந்த வாரத்தில், எல்லாரும் போல ஹால்வரும் கல்குவாரிக்குப் போய்க் குறி சரிபார்த்தார். மூன்று குண்டும் ஒரு பாட்டில் மூடி அளவுக்குள் விழுந்தன. திருப்தியாக வீடு திரும்பினார். வெயிலில் பார்த்த குறியை நம்பி நவம்பர் மழைக்குள் மகளைக் கூட்டிப்போனார்.

மூன்று நாள் விடாத மழை. வால்நட் தண்ணீர் குடித்து ஊதி, குழலை ஒரு பக்கமாக நெட்டித் தள்ளியிருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. சதுப்பின் ஓரத்தில் கருவால் மான் ஒன்று நின்றது. சோல்வி நிதானமாகத்தான் சுட்டாள். முன்னங்காலுக்குப் பின்னால் விழ வேண்டிய குண்டு வயிற்றில் விழுந்தது. மான் ஓடிவிட்டது. அவர்கள் போகப் போக, முன்னால் மழை ரத்தத் தடத்தைக் கழுவிக்கொண்டே போனது. இருட்டும்வரை இருவரும் பாசியில் மண்டியிட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

இந்தத் தீவில் குறி தவறியவரைக் குளிர்காலம் முழுக்கக் கேலி செய்வார்கள். அடித்துவிட்டுத் தொலைத்தவரை யாரும் கேலி செய்வதில்லை. கடையில் பேச்சை மாற்றுவார்கள், ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து தருவார்கள். சோல்விக்கு நிறைய ரொட்டி வந்தது. வசந்தத்தில் முதல் கப்பலில் போய்விட்டாள்.

அவள் போனபிறகு ஹால்வர் அந்தத் துப்பாக்கியை நனைத்துவிட்டுக் குவாரியில் சுட்டுப் பார்த்தார். குண்டு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்றிரவே போன் போட்டார்.

"சோல்வி, துப்பாக்கிதான் தப்பு. கட்டை ஊதிப்போயி..."

"சுட்டது நான்ப்பா."

"அது ஒரு சாண் தள்ளி..."

"அப்பா. விடு."

விட்டார். போனில் விட்டார். அதன்பிறகு நவம்பர் தவறாமல் அவர் மலைக்குப் போவார், ஒரு மான் கொண்டுவருவார், பாதியைப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரின் இடப்பக்கம் வைப்பார். அடுத்த நவம்பர் வந்ததும் அதை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவார். அந்தப் பக்கத்துப் பொட்டலத்தை அவர் பிரித்துச் சாப்பிட்டதாக யாரும் பார்த்ததில்லை.

டெல்ஃபின் வரவழைத்த இரண்டில் ஒன்று இறகு போல லேசு. அதைத் தூக்கிக்கொண்டு மலையேறினால் சுமை தெரியாது. "இதான் அண்ணே பொண்ணுக்கு" என்று டெல்ஃபின் அதற்காகத்தான் வாதாடினார். மற்றது சாம்பல் நிறம், கனம், பார்ப்பதற்குத் தண்ணீர்க் குழாய் மாதிரி. குளியல் முடிந்ததும் ஹால்வர் இரண்டையும் குவாரிக்குக் கொண்டுபோனார், மழையில்தான். லேசானதன் குழல் மெல்லியது, இரண்டு வெடிக்கே சூடேறி மூன்றாவதை எங்கோ அனுப்பியது. சாம்பல் நிறத்தது ஒரு பாட்டில் மூடி அளவுக்குள் மூன்றையும் வைத்தது. ஹால்வர் நம்பவில்லை. இன்னும் மூன்று சுட்டார். பழக்கமில்லாத தோள், பழக்கமில்லாத கண். கடைசி வெடிக்குத் துப்பாக்கி பின்னால் உதைத்து, ஸ்கோப்பின் விளிம்பு இடது புருவத்தில் பிறை போல ஒரு வெட்டு போட்டது. அந்த ரத்தத்தோடேயே கடைக்கு வந்தார்.

"இத எடுத்துக்கறேன்."

"அதுவே உங்கள எடுத்துக்கிச்சு போல. ஏண்ணே, அந்தப் புள்ளதான் தொடமாட்டேங்குதே. கரடி வந்தா இந்த இடது கைத் துப்பாக்கிய வச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கரடிக்கு இடது வலது தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே."

ஹால்வர் தோளைக் குலுக்கினார்.

நவம்பரில் சோல்வி வந்தாள். கப்பல் பாலத்தில் இறங்கும்போதே வெயில் ஊர்க்காரி மாதிரி நடுங்கினாள். அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"புருவத்துல என்னப்பா?"

"கதவு இடிச்சிருச்சு."

"கதவு என்ன விலைன்னு டெல்ஃபின் மாமா போன்ல சொன்னாரு."

ஹால்வர் அவளுடைய பையை வாங்கிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தார். காது சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

மறுநாள் விடியலில் மலையேறினார்கள். அவர் தோளில் சாம்பல் துப்பாக்கி மட்டும்தான். குழலின் வாயில் மழை இறங்காமல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். இங்கே எல்லாரும் ஒட்டுவதுதான், குண்டு அதைப் பொத்துக்கொண்டு போய்விடும். பாசி காலை உள்வாங்கி உள்வாங்கி விட்டது. சதுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு மரச் சில்லுகளுக்கு நடுவே ரப்பர் கட்டிய ஊதியை ஹால்வர் வாயில் வைத்தார். குட்டி மான் அழுவது போலக் கேட்க வேண்டும். அவர் ஊதினால் கதவுக் கீல் அழுவது போலக் கேட்கும். எந்த மானுக்கு இரக்கம் வந்ததோ, கொஞ்ச நேரத்தில் கிளைக்கொம்போடு ஒரு கடா மான் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்து நின்றது.

ஹால்வர் துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றித் தோட்டா ஏற்றினார், வலது கையை மேலே வளைத்துத் தாண்டிப்போய். பிறகு அதைத் தன் தோளுக்குக் கொண்டுபோகாமல் மகள் பக்கம் நீட்டினார்.

சோல்வி அதைப் பார்த்தாள். கடாவைப் பார்த்தாள். நெடுநேரம் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் அவளுடைய தோள் தானாக அசைந்து இடம் கொடுத்தது. ஸ்கோப் வழியாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடா திரும்பிக் காட்ட வேண்டிய பக்கத்தையெல்லாம் காட்டியது. கடா ஒரு செடியைக் கடித்தது, மென்றது, மரங்களுக்குள் நடந்து போய்விட்டது.

சோல்வி துப்பாக்கியை இறக்கினாள். கண் இன்னும் மரங்களின் மேலேயே இருந்தது. பார்க்காமலேயே இடது கையால் போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தாள். அப்பாவின் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

"மழைல குறி நிக்குமாப்பா இதுக்கு?"

"நிக்கும்."

"நல்லா தெரியுமா?"

"தெரியும்."

"நாளைக்கு இன்னும் மேல போவோம்" என்றாள். துப்பாக்கியின் வாரைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கேட்காமலே முன்னால் நடந்தாள்.

மலையில் ஹால்வர் யாருக்கும் பின்னால் நடந்தவரில்லை. வழி தெரியாதவர்தான் பின்னால் வருவார் என்பார். அன்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு பாசியில் அவள் பதித்துப்போன சின்னக் காலடிகளில், தண்ணீர் ஊறி மூடுவதற்குள், தன் பெரிய பூட்ஸை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு பின்னால் போனார்.