குளித்த பிறகு எண்ணெய்

சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் ஒரு புடவைக் கடை. அங்கே பட்டுப் புடவைகளை விரித்துக் காட்டுவது பிரிஜட்டின் வேலை. வேலை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். மடிப்பைப் பிரித்து ஒரு உதறு உதறினால் மேசை முழுக்க மாம்பழ மஞ்சளோ மயில்கழுத்து நிறமோ மெல்ல இறங்கும். அவளும் கூடவே எங்கேயோ இறங்கிப் போய்விடுவாள். இப்படி அரைக் கனவிலேயே இத்தனை வருஷம் விற்றிருக்கிறாள். சும்மா சொல்லக் கூடாது, அவளிடம்தான் வியாபாரமும் அதிகம்.

இந்த வருஷம் விரல்கள் அவளைக் கைவிட்டன. கடையில் நாள் முழுக்க ஏர்கான், வீட்டில் பாத்திரச் சோப்பு. நுனியெல்லாம் வறண்டு சொரசொரவென்று உரிந்து, தொட்ட பட்டிலெல்லாம் ஒரு நூலைப் பிடித்து இழுத்தது. கல்யாணப் புடவை ஒன்றின் ஜரிகை இழுபட்ட அன்று முதலாளியம்மா வசந்தகுமாரி திட்டவில்லை. கை ஆறும்வரை நைட்டி பக்கம் நிற்கச் சொன்னாள். தீபாவளிக்குள் ஆறாவிட்டால் பட்டுக்கு வேறு ஆள்தான் என்பதையும் தன்மையாகவே சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. நைட்டி அடுக்குகிறவளுக்கு என்ன கனவு வரும்?

எண்ணெய் வைக்காதவளா அவள்? கறை படும் என்று கடையில் எதையும் பூசமாட்டாள். ஆனால் சனிக்கிழமைதோறும், சர்ச்சில் ஞாயிறு பூசைக்கு முந்தின நாள், புக்கிட் மேரா வீட்டில் நல்லெண்ணெய் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டு, பயத்தமாவு போட்டுக் குளிப்பது வழக்கம். இப்போது தினமும் அதையே செய்தாள். கை இன்னும் காய்ந்தது.

பாலிகிளினிக்கில் நர்ஸ் ரக்ஷனா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“ஆன்ட்டி, போட்டத எல்லாம் நீங்களே கழுவிடுறீங்க லா. குளிச்சுட்டுத் தேய்ங்க. ஈரம் போறதுக்குள்ள.”

பிரிஜட் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் தேய்த்துக் குளி என்றுதான் தமிழிலேயே இருக்கிறது. குளித்து எண்ணெய் தேய் என்று யார் சொன்னார்கள்? பேருந்தில் அந்தச் சொற்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டபடியே வந்தாள். ஜன்னலில் மழை வழிந்தது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருந்தது.

அன்றிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரக் குளியல். துடைத்தும் துடைக்காமலும், ஈரக் கையிலேயே கிளினிக்கில் கொடுத்த களிம்பு. படுக்கும்போது வாஸ்லின் தடவி, மேலே வெள்ளைப் பருத்திக் கையுறை. டிராஃபிக் போலீஸோடு படுப்பதுபோல் இருக்கிறது என்று கணவன் ஜார்ஜ் கேலி செய்தான். ஆனாலும் பாத்திரங்களைத் தானே கழுவத் தொடங்கினான். மெல்ல மெல்ல வெடிப்பு மூடியது.

தீபாவளி நெருங்கிவிட்டது, கடையில் நிற்க இடமில்லை. வசந்தகுமாரி நைட்டி பக்கம் வந்து, அவள் கையில் ஒரு பட்டுப் புடவையை வைத்தாள். வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். பிரிஜட் மடிப்பைப் பிரித்தாள். கத்தரிப்பூ நிறம் விரல்களுக்கு அடியில் ஓடியது, எங்கேயும் நிற்கவில்லை. மேசை விளிம்புவரை போய்த் தொங்கியது. அழுகை வந்துவிடும்போல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

வசந்தகுமாரி ஜரிகையைக் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள்.

“நைட்டிக்கு வேற ஆள் பாத்துக்குறேன்,” என்றாள்.