வெள்ளவத்தைத் தண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித் தந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் விளக்குமாறு. பதினாலு வயதில் கூட்டிப் பெருக்க வந்த அந்தக் கடைக்கு எதிரிலேயே இன்று எனக்குச் சொந்தமாக மூன்று மாடிக் கடை நிற்கிறது. பைப், வால்வு, தண்ணீர்த் தாங்கி என்று ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வரத் தேவையான எல்லாம் விற்கிறேன். எஞ்சினியர்மார் வரைபடத்தை விரித்தால், எந்த மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். இதுவரை தவறியதில்லை. இதையெல்லாம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த பிளாட்டில் குடியிருக்கிறேன். பல்கனியில் பதினொரு கண்ணாடித் தொட்டி, எல்லாவற்றிலும் கப்பி என்கிற சின்ன அலங்கார மீன். ஞாயிறு காலையில் கப்பி வளர்க்கிற நாலு பேர் அங்கே கூடுவோம். ஒருவர் கொம்பனித்தெரு நானா, தையல் மெஷின் திருத்துகிற முஸ்லிம் பெரியவர். இன்னொருவர் மகனின் வைத்தியத்துக்கு வந்து, மகன் சுகமான பிறகும் ஊர் திரும்ப மனமில்லாமல் எங்கள் தெருவிலேயே தங்கிவிட்ட மாலைதீவுக்காரர். மற்றவர் கார்மண்ட் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், என்னைவிட இருபது வயது குறைவு. கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறார். எங்கள் பேச்சு சிங்களமும் உடைந்த ஆங்கிலமும்தான். நானா மட்டும் என்னோடு தமிழில் கதைப்பார். எல்லாவற்றையும் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எங்கட தீவுல மீன் எண்டா சாப்பிடத்தான்," என்பார் மாலைதீவுக்காரர். "நான் கண்ணாடிக்குள்ள வைச்சு அதுக்குச் சாப்பாடு போடுறது தெரிஞ்சா என்னை ஊருக்குள்ள விடமாட்டாங்க."

"எங்கட ஊர்ல இந்தச் சைஸையும் விடமாட்டோம்," என்பார் அந்தப் பெண்மணி. "வினிகர் ஊத்தி ஒரே வாய்."

நானா உடனே பக்கத்துத் தொட்டியை இரண்டு கையாலும் மறைத்துக்கொள்வார். "முதலாளி, இந்த மிஸ்ஸுக்குப் பசிக்க முந்தி டீயைக் கொண்டு வாங்க!"

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தன் கையால் தேர்ந்து வளர்த்த மீனில் ஒரு சோடியை மற்றவருக்குக் கொடுப்பார். வாங்கியவர் குஞ்சு எடுத்து, நிறம் ஏறியதும் ஜாம் போத்தலில் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். பிள்ளைகள் தகப்பனைப் போல இருந்தால் கொடுத்தவருக்குக் கைதட்டு. மாலைதீவுக்காரருக்கு விழுந்திருக்கிறது, நானாவுக்கும் விழுந்திருக்கிறது. என் மீனுக்கு ஒருநாளும் விழவில்லை. மூன்று மாடி கட்டியவனுக்கு அது பொறுக்கவில்லை.

பம்பலப்பிட்டிப் பக்கம் அலங்கார மீன் விற்கிற கடையொன்றில் ஓர் ஆண் கப்பியைக் கண்டேன். கருநீல உடம்பு, வாலின் ஓரத்தில் வெள்ளைக் கோடு. ஒரு பெண் மீனும் சேர்த்து வாங்கினேன். அந்த ஞாயிறு மேசையில் வைத்து, "அஞ்சு தலைமுறையா நானே பார்த்துப் பார்த்து எடுத்தது," என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

அந்தப் பெண்மணி கன்னத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அங்கிள், இதை எனக்குத் தருவீங்களா?"

ராஜா மாதிரி எடுத்துக் கொடுத்தேன்.

அவருடைய அறையில் இரண்டே தொட்டிகள்தான். அதற்கு மேல் வைக்க வீட்டுக்காரி விடவில்லை. இரண்டிலும் மஞ்சள் கப்பி இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்திலிருந்து அவரே வளர்த்தெடுத்த வம்சம். என் சோடிக்கு இடம் வேண்டுமென்று மஞ்சள் மீன்கள் அத்தனையையும் தொழிற்சாலை வாசலில் உள்ள குளத்தில் விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்மார் வருகிறார்கள் என்று குளத்தை இறைத்து, மருந்து போட்டுக் கழுவினார்கள். "தொழிற்சாலை சுத்தம். என்ட மீனும் சுத்தம்," என்று எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

பிறகு என் சோடியின் குஞ்சுகள் ஜாம் போத்தலில் வந்தன. ஒன்று மண்ணிறம், ஒன்றில் சிவப்புப் புள்ளி, சிலவற்றுக்கு நிறமே இல்லை. நீலம் மருந்துக்கும் இல்லை.

நானா குனிந்து பார்த்தார். "வாப்பா ராஜா மாதிரி. புள்ளைகள் புறக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் கூட்டம் மாதிரி இரிக்கி!"

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்மணியும் சிரித்தார், ஆனால் கண் என் மேல் இருந்தது. 'வாங்கின மீன்' என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் சொன்னது இது: "ஒங்க தண்ணி சரியில்ல மிஸ். நீங்க இருக்கிற வீட்டு உள்பைப் ரொம்பப் பழசு."

"தண்ணியால கலரு மாறுமா முதலாளி?" என்றார் நானா. "அப்ப நான் ஒங்க வூட்ல குளிச்சா என்ட தாடி கறுக்குமே!"

"நீங்க மெஷினைப் பாருங்க நானா. தண்ணி என்னோட தொழில்."

அந்தப் பெண்மணி என்னைத்தான் நம்பினார். அடுத்த ஞாயிறே ஐந்து லீட்டர் கேன் இரண்டோடு வந்து என் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே. இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு காலி வீதிக்கு நடந்து, பஸ் ஏறி, கொட்டாஞ்சேனை வரை. பல்கனியில் நின்றால் தெருமுனை வரை தெரியும். பாதி வழியில் கேன்களைக் கீழே வைத்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்வார்.

அடுத்த ஈற்றுக் குஞ்சுகளும் அதே கூத்தாக வந்தன. இன்னொரு சோடியைக் கமுக்கமாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று பம்பலப்பிட்டிக்குப் போனேன். குஞ்சு எடுக்க வேண்டும் என்றதும் கடைக்காரர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"குஞ்சு எடுக்கவோ? அது சரிவராது ஐயா. ஆண் ஒரு இடத்தால வாறது, பெண் வேற இடத்தால வாறது, வேற வம்சம். பார்வைக்குத்தான் சோடி. அண்டைக்கு நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

அதுவரை தண்ணீராகவும் இருக்கலாம் என்று எனக்குள் ஒரு சாட்டு இருந்தது. அதுவும் போயிற்று. இனி நான் எழுதப் போவதுதான் எழுதக் கை கூசுவது. விஷயம் தெரிந்த பிறகும் இரண்டு ஞாயிறு அவருடைய கேன்களை நானே நிரப்பிக் கொடுத்தேன். டீ குடித்ததும் சொல்வோம் என்று நினைத்தேன். டீ குடித்தோம். படி இறங்கும்போது சொல்வோம் என்று நினைத்தேன். "பாரம் பார்த்துப் பிடிங்க மிஸ்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு அவர் கேன் கொண்டுவரவில்லை. நீல ஆணையும் அந்தப் பெண்ணையும் போத்தலில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தண்ணி இல்ல அங்கிள், என்ட கைதான் சரியில்ல. அஞ்சு தலைமுறையா நீங்க காப்பாத்தினதை நான் கெடுத்திட்டேன். இனி எனக்கு மீன் வேணாம். தொட்டி ரெண்டையும் யாராவது எடுங்க."

"கோழி வளருங்க மிஸ்," என்றார் மாலைதீவுக்காரர். "கலர் மாறினாலும் முட்டை வெள்ளைதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்மணி தொட்டிகளின் அளவைச் சொல்லத் தொடங்கினார்.

"மிஸ், அது என் மீன் இல்ல," என்றேன். "கடையில வாங்கினது. அஞ்சு தலைமுறையும் இல்ல, அஞ்சு நாளும் இல்ல. அதுல ஒரே மாதிரிக் குஞ்சு வராதாம். தெரிஞ்சும் ரெண்டு வாரம் ஒங்களைச் சுமக்க வச்சேன்."

நானா கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு முந்தியே வெளங்கின முதலாளி," என்றார் மெதுவாகத் தமிழில். "நீங்களே சொல்லுவீங்கண்டு பாத்துட்டு இருந்த." அது எனக்கு அடி விழுந்தது மாதிரி இருந்தது.

அந்தப் பெண்மணி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மஞ்சள் மீனைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப என்ட தண்ணி நல்ல தண்ணியா, அங்கிள்?"

"நல்ல தண்ணி மிஸ்."

"என்ட கையும்?"

"கையும்."

தலையை ஆட்டினார். டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

தொட்டிகளை அவர் கொடுத்துவிடவில்லை. மாலைதீவுக்காரர் கொடுத்த ஒரு சோடியில் புதிதாகத் தொடங்கியிருக்கிறார். இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறார். என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார், முழங்கால் வலி எப்படி என்று கேட்கிறார், ஊரிலிருந்து காய்ந்த மாம்பழம் வந்தால் எனக்கென்று ஒரு பொதி எடுத்து வைக்கிறார். ஆனால் மீனைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் நானாவைப் பார்த்துக் கேட்கிறார். போன ஞாயிறு கேட்டது தண்ணீரைப் பற்றி, கழுவின தொட்டியில் அதை எத்தனை நாள் ஊறவிட வேண்டும் என்று. மேசையில் அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர் ஒருவருமில்லை. நானா யோசித்து யோசித்து எதையோ சொன்னார். நான் பிஸ்கட் தட்டை அவர்கள் பக்கம் தள்ளி வைத்தேன்.