இஸ்திரியம்மா மறைத்தது

தெருவில் எல்லாருக்கும் அவள் இஸ்திரியம்மா. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், ஆவி கக்கும் உருளைகளுக்கு முன்னால் நின்று படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டே பாதி ஆயுசைக் கழித்தவள். முழங்கைக்குக் கீழே சூட்டுத் தழும்புகள் வரிவரியாக இருக்கும்.

"எனக்கு வாய்ச்ச ஸ்திரீயும் இவதான், இஸ்திரியும் இவதான்" என்று அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"அந்த வாய் மட்டும் இல்லேன்னா உங்களை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்பாள் அவள்.

அவர் வெல்டர். தண்ணீர்த் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. மகன் சிறுவனாக இருந்தபோது அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அதனால் இவள் காலை ஷிப்ட், அவர் மாலை ஷிப்ட். ஒருவர் உள்ளே வர மற்றவர் வெளியே போவார். வாசல்படியில்தான் குடும்ப விஷயமெல்லாம் பேசி முடிப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், வாடகை கொடுத்தாச்சு, அடுப்பில் பால் இருக்கு. மகன் வளர்ந்து லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் சேர்ந்தான். மருமகள் வந்தாள், ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். பேத்தி பிறந்தாள். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காததால் அவளுக்கு வாலு என்று பெயர் நிலைத்தது. தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். இவளும் ஓய்வு பெற்றாள். இனிமேலாவது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்திருந்தாள்.

ஒரு மாலை கடைக்குப் போய்விட்டு வந்த அவர், சொந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு, "வீட்டுக்காரங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

இவள் சிரித்தாள். "இருக்காங்க, இருக்காங்க. என்ன வேணும் சாருக்கு?"

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, புது ஊரில் இறங்கிய ஆள் மாதிரி நின்றார். அவள் சட்டென்று எழுந்து போனாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். தெளிந்ததும் அழுதார்.

"பையனுக்குத் தெரிய வேணாம். மருமகளுக்குத் தெரியவே வேணாம். அப்புறம் என்னை ஒரு மாதிரிப் பாப்பாங்க."

"நான் இருக்கிறவரைக்கும் யாரும் அப்படிப் பாக்க மாட்டாங்க" என்றாள். சொன்னால் சொன்னதுதான். அவள் அப்படிப்பட்ட பிறவி.

அன்றிலிருந்து வீட்டுக்குள் அவளுக்குப் புது வேலை ஒன்று வந்து சேர்ந்தது. அவர் வாயைத் திறக்குமுன் இவள் பதில் சொன்னாள். பேர் மறந்து அவர் தடுமாறினால், "காது கேக்கலை அவருக்கு" என்றாள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தால், யாரும் பார்ப்பதற்குள் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். வெளியே போகும்போது கதவைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டாள். "அப்பாவைப் பேசவே விடமாட்டேங்கிறியேம்மா" என்று மகன் கிண்டல் செய்தான். ஆனால் மருமகள் கிண்டல் செய்யவில்லை. கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விடுமுறை நாள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "மாமா, இன்னைக்கு என்ன கிழமை?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். சுவரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இஸ்திரியம்மாவின் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு தடாலென்று மேஜை மேல் சாய்ந்தது. எல்லாரும் பதறி எழுந்தார்கள். துணி எடுத்தார்கள், துடைத்தார்கள். கேள்வி நனைந்து போனது. மருமகள் மட்டும் ஈரத்துணியைப் பிழிந்தபடியே மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று இஸ்திரியம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் மறைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

வாலு பள்ளிக்கூடத்திலிருந்து மதியமே வந்துவிடுவாள். மகனும் மருமகளும் வேலையில் இருப்பார்கள். அன்றைக்கு அவருடைய பிரஷர் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் மருந்துக்கடைக்குப் போய் வந்துவிடலாம் என்று சாவியை எடுத்தாள்.

"பூட்டாதே பாட்டி, இடி இடிக்குது. பயமா இருக்கு" என்று வாலு அழுதாள்.

தாத்தா டிவி முன்னால் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அன்று காலையிலிருந்தே தெளிவாகத்தான் பேசினார். "சரி, பூட்டலை. இதோ போனதும் வந்ததும் தெரியாம வந்துடுறேன்" என்று வெறுமனே சாத்திவிட்டுப் போனாள்.

கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. வாலுவின் செருப்பு இல்லை. அவர் ஆணியில் மாட்டி வைத்திருந்த வெல்டிங் முகமூடியும் இல்லை.

முகமூடி இல்லாத ஆணியைப் பார்த்ததுமே எங்கே போயிருப்பார் என்று புரிந்துவிட்டது. போனை எடுத்தாள். மகன் எண் வரைக்கும் வந்து விரல் நின்றது. 'நானே போய்க் கூட்டிட்டு வந்துட்டா யாருக்கும் தெரியாது' என்று ஒரு மனசு சொன்னது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஓடினாள்.

முனையில் டீக்கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஷிப்ட்டுக்கு நேரமாச்சுன்னு பேத்தியைக் கூட்டிட்டுப் போனாரும்மா. தமாஷ் பண்றாருன்னு நெனச்சேன்."

மழை பிடித்துக்கொண்டது. பெரிய சாலையை நெருங்கும்போது முன்னால் ஒரு லாரி கிறீச்சென்று பிரேக் போட்டது. ஆட்கள் சாலை நடுவே ஓடினார்கள். இஸ்திரியம்மாவும் ஓடினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். பைக்கில் வந்த வாலிபன் ஒருவன் வழுக்கி விழுந்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தான். அவ்வளவுதான். அந்த இடத்திலேயே, நனைந்தபடி, மகனுக்குப் போன் போட்டாள்.

"அப்பாவையும் வாலுவையும் காணோம். பழைய ஃபேக்டரிக்கு உடனே வா."

"அப்பாகூடத்தானே இருக்கா? அதுக்கு ஏன் இப்படிப் பதறுறே?"

"அப்பாவுக்கு எதுவும் ஞாபகத்துல நிக்கிறதில்லைடா."

"எத்தனை நாளா?" என்றான்.

"முதல்ல வா."

தொழிற்சாலை கேட் பூட்டியிருந்தது. பக்கச் சுவர் இடிந்திருந்த இடத்தில் நுழைந்தாள். ஷெட்டின் கூரைத் தகடுகளைப் பாதி பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். மழை நேராக உள்ளே கொட்டியது. துருப்பிடித்த இரும்புப் படி, அதற்கு மேலே ஆள் நடக்கும் இரும்பு நடைபாதை. கைப்பிடிக் கம்பிகளை இரும்புத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த நடைபாதையில், முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டபடி அவர் நின்றார். கையில் வாலுவின் மணிக்கட்டு. அவருக்குப் பின்னால் சில அடி தள்ளி நடைபாதை அறுந்து, வெறும் பள்ளமாக இருந்தது.

"பாட்டி!" என்றாள் வாலு. அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"யாரது?" அவர் அதட்டினார். "வெளியாளுங்க உள்ளே வரக்கூடாது!"

கத்தினால் பின்னால் நகர்வார். படியேறிப் போனாலும் நகர்வார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையிலிருந்த மருந்துக்கடைப் பையைத் தூக்கிக் காட்டினாள்.

"உங்க வீட்ல இருந்து சாப்பாடு கொடுத்து அனுப்பினாங்க ஐயா."

அவர் முகம் இளகியது. "அவ வரலையா?"

"சலவைக்கூடத்துல வேலையாம்."

"கோவமா இருந்தாளா?"

"கோவமா? எதுக்கு?"

அவர் கொஞ்சம் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா. எனக்கு இப்பல்லாம் வழி மறந்துடுது. தெரிஞ்சா தாங்க மாட்டா. ராத்திரி தூங்கவே மாட்டா."

இஸ்திரியம்மா பையை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். அழ அது நேரமில்லை.

"சொல்ல மாட்டேன் ஐயா. அந்தப் பாப்பாவைக் கீழே விடுங்க. சாப்பாட்டை அவகிட்ட கொடுத்து விடறேன்."

"எந்தப் பாப்பா?" என்று தன் கையையே திகைத்துப் பார்த்தார். பிடி இறுகியது.

"நான்தான் தாத்தா. வாலு."

அவர் அவளை வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு விரல்களை விரித்தார்.

"பார்க்குல சறுக்குறே இல்லே, அது மாதிரி உக்காந்து உக்காந்து இறங்குடா செல்லம். பள்ளத்தைப் பாக்காதே, என்னையே பாரு" என்றாள் இஸ்திரியம்மா. படி ஆடியது. வாலு ஒவ்வொன்றாக இறங்கினாள். கைக்கு எட்டியதும் அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், அவர் மறுபக்கம் திரும்பி, பள்ளத்தை நோக்கி ஒரு அடி வைத்துவிட்டார்.

"ஐயா! சைரன் ஊதியாச்சு! ஷிப்ட் முடிஞ்சுது!"

அவர் நின்றார். "ஊதிடுச்சா? மழைச் சத்தத்துல கேக்கலையே" என்று சொல்லிக்கொண்டே திரும்பி, பழக்கப்பட்ட கால்களோடு படியிறங்கி வந்தார்.

சுவர் இடிந்த இடத்தில் மகன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் வெடித்தான். "உனக்கு உன் புருஷன் மானம்தான் பெருசாப் போச்சு. என் பொண்ணு உயிர் உனக்கு விளையாட்டா?" அவள் கணவரின் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மருமகள் வாலுவுக்கு வெந்நீர் ஊற்றித் துவட்டி, தூங்க வைத்துவிட்டு வந்தாள். சத்தம் போடவில்லை.

"நான் கேட்டேனே அத்தை. அன்னைக்கே கிழமை கேட்டேனே."

அந்த ஒரு வாக்கியம் மகனுடைய கத்தலைவிட ஆழமாகப் போனது.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் வாலுவைப் பக்கத்துத் தெருவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் விட்டார்கள். மருமகள் தேவைக்கு மேல் பேசவில்லை. அவரை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நோய்க்கு ஒரு பேர் கிடைத்தது, மருந்து பெரிதாகக் கிடைக்கவில்லை. இஸ்திரியம்மா அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள். அவர் சில நாள் அவளை அம்மா என்றார், சில நாள் நர்ஸ் என்றார். எப்படிக் கூப்பிட்டாலும் ஏன் என்றாள்.

ஒரு காலை அவர் குளியலறையில் சரிந்து விழுந்தார். அவள் தனியாக அவர் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து முக்கிக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பி வாசல் வரைக்கும் போன மருமகள் திரும்பி வந்தாள். கைப்பையைத் தரையில் போட்டாள்.

"நீங்க தலைப்பக்கம் பிடிங்க அத்தை. நான் காலைப் பிடிக்கிறேன்."

அன்று மாலை வாலு பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள்.

அவர் போன பிறகு இஸ்திரியம்மா இன்னும் சில வருஷம் இருந்தாள். வாலுவின் பள்ளிச் சீருடையை அவள்தான் தேய்த்தாள், வேறு யாரையும் தொட விடவில்லை. ஒரு நாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போனாள்.

"நெஞ்சுல என்னமோ பண்ணுதும்மா. மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்" என்றாள்.

மருமகள் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். மகன் வந்து சேரும்வரை உயிர் இருந்தது. அவனை அடையாளம் தெரிந்தது. வாலு சாப்பிட்டாளா என்று கேட்டாள். சாப்பிட்டாள் என்று சொன்னார்கள்.