வீட்டுக்கு வாங்க என்று ஸ்பானிஷில் சொன்ன நாள்

கைபேசியில் ஒரு செயலியை வைத்துத்தான் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினேன். "பெண் ஆப்பிள் உண்கிறாள்", "என் மாமாவிடம் ஒரு குதிரை இருக்கிறது" என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வந்த ஸ்பெயின்காரர் ஒருவர்கூட ஆப்பிளைப் பற்றியோ குதிரையைப் பற்றியோ கேட்கவில்லை.

தலவாக்கலைக்கு மேலே உள்ள அந்தத் தொழிற்சாலையில் பயணிகளைச் சுற்றிக்காட்டும் வேலை எனக்கு. தற்காலிக வேலைதான். ஸ்பெயின் குழுக்கள் கூடிக்கொண்டே போனதால், அவர்களோடு பேசத் தெரிந்தால் நிரந்தரமாக்குவதாகத் தொழிற்சாலையை நடத்தும் தொரை சொல்லியிருந்தார். ஆகஸ்டில் வரும் பெரிய குழுவை நான் தனியாக அழைத்துப்போக வேண்டும், அதைப் பார்த்து முடிவு. வேலை நிரந்தரமாகாவிட்டால் கணவர் வேலை செய்யும் கொழும்புக் கடைக்கே நானும் போவது, நாலு வயது மகளைப் பட்டிப்பொல ஊரில் என் கூடப்பிறந்த அக்காவிடம் விடுவது என்று பேசி வைத்திருந்தோம். அப்படிப் பேசியது நான்தான். பிறகு அதை நினைத்து அழுததும் நான்தான்.

முந்தைய வருடம் வந்துபோன ஸ்பெயின் மருத்துவமனைத் தாதி ஒருத்தி என்னோடு தொடர்பில் இருந்தாள். அவளுக்கும் என் மகள் வயதில் ஒரு பெண். நான் படிப்பதைச் சொன்னதும் ஆங்கிலத்தில் குரல் செய்தி அனுப்பினாள். "அந்தச் செயலியை மூடு. எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை." அன்றிலிருந்து தினமும் ஒன்றிரண்டு பேச்சு வழக்குகள் வந்தன. சரி என்பதற்கு 'பாலே'. அருமையாக இருந்தால் 'கே குவாய்'. ஆட்களைக் கிளப்ப வேண்டுமென்றால் 'பெங்கா'. எது கைதவறினாலும் 'நோ பாஸா நாதா', ஒன்றும் ஆகிவிடவில்லை. என்னை அவள் 'தீயா' என்றுதான் அழைத்தாள். அத்தை என்று பொருள். என் வயதுக்காரி என்னை அத்தை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

துணி காயப்போடும்போது சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே தொழிலாளர் வரிசை வீடுகள் உள்ள லயத்தில்தான் எங்கள் வீடு. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

"என்னா புள்ள, ஒம் மேல எதாச்சும் எறங்கிருச்சா?"

"ஸ்பானிஷ்க்கா."

"அது எந்த ஊரு சாமி?"

குழு வருவதற்கு முந்தைய வாரம், பிரியும்போது சொல்ல ஒரு வார்த்தை கேட்டேன். ஒரு வாக்கியத்தை அனுப்பினாள். ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்களேன் என்று பொருளாம். "இதைச் சொல், உன்னை எங்கள் தெருக்காரி என்றே நினைப்பார்கள்." இருபது தடவை எழுதிப் பார்த்தேன்.

எங்கள் லயத்தில் ஒருவரை வழியில் பார்த்து "வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று சொல்லிவிட்டால் அடுப்பில் கேத்தல் ஏறியாக வேண்டும். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியவர்களோடு தீபாவளி வரை பேசாமல் இருந்தவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த அழைப்பு அதுதான்.

பதினொரு பேர் வந்தார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு நடுவே நின்று "பெங்கா" என்றேன், நடந்தார்கள். சுவை பார்க்கும் மேசையில் ஒரு அம்மா கோப்பையைப் போட்டு உடைத்தார். "நோ பாஸா நாதா" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். பேருந்தடியில் கடைசியாக அந்த வாக்கியத்தைச் சொன்னேன். சிரித்தார்கள். தோளில் தட்டினார்கள். "கட்டாயம், ஒரு நாள் வருகிறோம்" என்றார்கள்.

எந்த நாள்? நாளைக்கு எல்ல ஊருக்குப் போகிறார்கள், அடுத்த வாரம் விமானம். நான் அழைத்துவிட்டேன், அவர்களும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் இன்றைக்குத்தான்.

"இப்போதே வாங்க" என்றேன். "அதோ, அந்தப் பச்சைக் கதவு."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேருந்துப் படியில் ஏறியிருந்த தொப்பி போட்ட பெரியவர் "பெங்கா" என்று சொல்லி இறங்கினார்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலிருந்து மகளைக் கூட்டி வந்து வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னா புள்ள, பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?"

"தேத்தண்ணிக்குக்கா. கிளாஸ் இருந்தா குடுங்க."

"எத்தன?"

"பதினொண்ணு."

"என்கிட்ட நாலுதான் இருக்கு. மிச்சப் பேருக்கு வாளியையா நீட்டுறது?"

கொஞ்சம் முன்புதான் தொழிற்சாலையில் உயர்ந்த ரகத் தேயிலை குடித்தவர்களுக்கு, வீட்டிலிருந்த மலிவான டஸ்ட் தூளில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தேன். கட்டிலிலும் அரிசிப் பெட்டியிலும் உட்கார்ந்து, சூடு தாங்காமல் கழுத்துத் துணியால் கிளாஸைப் பிடித்துக் குடித்தார்கள். திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த மகள் தொப்பியைக் கண்டு "கே குவாய்!" என்றாள். பெரியவர் அதைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். அது மூக்கு வரை இறங்கியது. பேருந்துச் சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடம் போய்விட்டது.

மறுநாள் காலை தொரை கூப்பிட்டார்.

"மிஸ், நம்ம ரூட்ல லயம் இருக்கா?"

"இல்ல சேர்."

"பிறகு?"

"வாங்கன்னு சொல்லிட்டேன் சேர்."

"சொன்னா?"

"வந்துட்டாங்க."

சாரதி முறைப்பாடு செய்திருப்பதாகவும், கொழும்பு அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றும் சொன்னார். வேலையைப் பற்றி நான் கேட்பதற்குள் தொலைபேசியை எடுத்தார்.

அன்று மாலை என் தோழிக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் அனுப்பிய பதிலில் பாதி சிரிப்பு. "தீயா, அதைச் சொன்னால் யாரும் போவதில்லை! என்னோடு வேலை செய்பவளிடம் ஆறு வருடமாகச் சொல்கிறேன். அவள் வீட்டுக் கதவு என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது."

காது சுட்டது. மரியாதைக்குத் தலையாட்டிய பதினொரு பேரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். பாதி கிளாஸ் மிச்சம் வைத்த அம்மாவின் முகத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். இனிப்புக் கூடிவிட்டதா? இல்லை, வர விருப்பமே இல்லையா? மகளின் உடுப்புகளை எடுத்து, பட்டிப்பொலக் குளிருக்கு எது போதும், எது போதாது என்று பிரித்து வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகவே மடித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் தொரை மறுபடியும் கூப்பிட்டார். குழுவை அனுப்பிய பயண நிறுவனத்திடமிருந்து பாராட்டிக் கடிதம் வந்திருந்தது.

"ஒங்க வீட்டையும் டூர்ல சேக்கலாமான்னு கேக்குறாங்க."

கொஞ்சமும் யோசிக்காமல் "வேணாம் சேர்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயந்தேன். "கூப்பிட்டு வந்தவங்க சேர். டிக்கட் வாங்கிட்டு வந்தா நல்லாருக்காது."

அவர் பேனாவை மூடினார். "அப்ப இனிமே யாரையும் வாங்கன்னு சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன் சேர்."

"ஒண்ணாந் தேதியிலருந்து நீங்க பர்மனன்ட்."

வெளியே வந்து கணவரை அழைத்தேன். கடையில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"அப்ப பாப்பா பட்டிப்பொலக்குப் போகல?"

"போகல. நானும் அங்க வரல."

"நல்லது புள்ள" என்றார். பிறகு சொன்னார்: "ரூம்ல அலுமாரியில ஒனக்குன்னு ஒரு தட்டு காலி பண்ணி வச்சிருந்தேன்."

"அதுல ஒங்க சாமானையே வச்சுக்குங்க."

"இருக்கட்டும்" என்றார். "லீவுக்கு ரெண்டு பேரும் வருவீங்கதானே?"

மகளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "எந்தத் தேதிக்கு?" என்று கேட்டேன்.